பிரைவசி கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்வது எவ்வளவு உண்மை?

கேள்வி: "அண்ணா, ஜிமெயிலை விட்டுவிட்டு ப்ரோட்டானுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மெயில், வி.பி.என். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள். இந்த 'பிரைவசி' கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்வதெல்லாம் நிஜமா? இல்லை, இவர்களும் கூகுள் மாதிரிதானா?"

9 செப்டம்பர் 2025, இரவு

கூகுள் மாதிரி இல்லை. அதற்காக விளம்பரத்தில் சொல்கிற மாதிரியும் இல்லை.

ப்ரோட்டான் 2014-இல் சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வகத்தில் பழகிய சில விஞ்ஞானிகள் ஆரம்பித்தது. (வி.பி.என். என்றால் உங்கள் இணையப் போக்குவரத்தைத் தங்கள் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பி, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்கும் சேவை.) "சுவிஸ் சட்டம், சுவிஸ் பாதுகாப்பு" என்பதுதான் அவர்கள் முதல் நாளிலிருந்து விற்கும் சரக்கு. முகப்புப் பக்கத்திலேயே, உங்கள் கணக்கோடு தொடர்புபடுத்தக்கூடிய ஐ.பி. பதிவுகளை (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தீர்கள் என்ற குறிப்பு) நாங்கள் வழக்கமாக வைத்துக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தார்கள். 2021-இல் பாரிஸில் காலநிலைக்காகப் போராடிய இளைஞர் குழு ஒன்றைப் பற்றி பிரெஞ்சு போலீஸ் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் வழியாக சுவிஸ் அதிகாரிகளிடம் கேட்டது. அவர்கள் ப்ரோட்டானுக்கு உத்தரவு போட்டார்கள். ப்ரோட்டான் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் ஐ.பி. பதிவை ஆரம்பித்து, கிடைத்ததைக் கொடுத்தது. செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. கொஞ்ச நாளில் முகப்புப் பக்கத்தில் இருந்த அந்த வரியைக் காணோம்.

9 செப்டம்பர், அப்புறம்

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வழக்கில் மெயிலின் உள்ளடக்கம் போலீஸுக்குப் போகவில்லை. கொடுக்க ப்ரோட்டானாலும் முடியாது, சாவி அவர்களிடம் இல்லை. ஆக பூட்டைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆளைப் பற்றிச் சொன்னதுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

10 செப்டம்பர்

"போலீஸ் உத்தரவோடு வந்தால் எந்தக் கம்பெனியும் கொடுக்கத்தானே வேண்டும், அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. உத்தரவு வந்தால் எல்லோரும்தான் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டும். 2013-இல், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் பயன்படுத்திய மெயில் சேவையான லாவாபிட், அரசிடம் சாவியைக் கொடுத்த கையோடு கடையையே மூடியது. எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு. போலீஸ் கதவைத் தட்டிய அன்று அந்தக் கம்பெனியிடம் எடுத்துக் கொடுக்க என்ன இருந்தது?

2016-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிராண்ட் ஜூரி (குற்ற விசாரணைக் குழு) ஒன்று சிக்னல் என்ற மெசேஜ் செயலியிடம் இரண்டு போன் எண்களைப் பற்றிக் கேட்டது. ஒன்றுக்குத்தான் கணக்கே இருந்தது. அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எந்தத் தேதியில் சர்வரோடு தொடர்பு கொண்டது, இந்த இரண்டையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருந்தார், பெயர் என்ன, எதுவும் இல்லை, ஏனென்றால் அவர்களிடமே இல்லை. நீதிமன்ற ஆவணத்தோடு இதை வெளியிட்டார்கள்.

முல்வாட் என்று ஸ்வீடனில் ஒரு வி.பி.என். இருக்கிறது. 2023 ஏப்ரலில் கோத்தன்பர்க்கில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்கு போலீஸ் சோதனை உத்தரவோடு வந்து, வெறுங்கையோடு திரும்பியது. கணக்கு தொடங்க அவர்கள் மெயில்கூடக் கேட்பதில்லை, 16 இலக்க எண் ஒன்றைக் கொடுப்பார்கள், அதுதான் கணக்கு. மாதம் 5 யூரோ. வேண்டுமானால் கவரில் ரொக்கம் வைத்துத் தபாலில் அனுப்பலாம்.

இதற்கு நேர் எதிர் ஹஷ்மெயில் என்ற கனடா மெயில் சேவை. உங்கள் மெயிலை எங்களாலேயே படிக்க முடியாது என்றுதான் அதையும் விற்றார்கள். 2007-இல் கனடா நீதிமன்ற உத்தரவு வழியாக அமெரிக்க போதைத் தடுப்புத் துறைக்கு 12 சி.டி.க்கள் நிறைய மெயில்களைக் கொடுத்தார்கள். கடவுச்சொல் அவர்கள் சர்வர் வழியாகப் போகும் எளிய வழி ஒன்றை வைத்திருந்தார்கள், ஓட்டை அங்கேதான்.

13 செப்டம்பர்

ப்ரோட்டானுக்கே திரும்ப வருகிறேன், ஏனென்றால் கேட்ட தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை.

புதுக் கணக்கு தொடங்கிப் பாருங்கள். பெயர், கடவுச்சொல் எல்லாம் முடிந்ததும் ஒரு பக்கம் வரும்: கடவுச்சொல் மறந்தால் மீட்க ஒரு போன் எண்ணோ வேறொரு மெயில் முகவரியோ கொடுங்கள் என்று. கட்டாயம் இல்லை, தாண்டிப் போகலாம். ஆனால் யார் தாண்டுகிறார்கள்? கை தானாகப் பழைய முகவரியை அடித்துவிடும். ஸ்பெயினில் கேட்டலோனிய விடுதலை இயக்கத்தோடு தொடர்புடைய ஒருவர் அப்படித்தான் தன் ஆப்பிள் மெயிலைக் கொடுத்திருந்தார். 2024-இல் வெளியான விவரப்படி, ஸ்பெயின் போலீஸ் கேட்டபோது ப்ரோட்டானிடமிருந்து அந்த மீட்பு முகவரி கிடைத்தது, அதை வைத்து ஆப்பிளிடம் போனார்கள், ஆப்பிளிடம் ஆளின் விவரம் இருந்தது. பூட்டு உடையவே இல்லை.

இதை ப்ரோட்டானின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளை அடையாளம் காட்டப்போவது அந்தக் கட்டம்தான் என்பதை அந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "சுவிஸ்" என்பதைப் பெரிதாகப் போடத் தெரிகிறது இல்லையா?

13 செப்டம்பர், மதியம்

சுவிஸ் என்றதும் ஞாபகம். சுவிட்சர்லாந்தின் சூக் பகுதியில் கிரிப்டோ ஏஜி என்று ஒரு கம்பெனி பல பத்தாண்டுகளாக உலக அரசாங்கங்களுக்கு ரகசியச் சங்கேத இயந்திரங்கள் விற்றது. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. 1970-லிருந்து அதன் சொந்தக்காரர்கள் சி.ஐ.ஏ.வும் ஜெர்மன் உளவுத்துறையும் என்று 2020-இல் செய்தி வந்தது. நடுநிலை நாட்டு முத்திரைக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது.

அட, ப்ரோட்டானை இதோடு சேர்த்துச் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சொல்லப்போனால் சுவிஸ் அரசு கண்காணிப்பு விதிகளை இறுக்கப் பார்க்கிறது என்று ப்ரோட்டானே தன் சர்வர்களில் ஒரு பகுதியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

14 செப்டம்பர்

நான் ஆபீஸில் மெயில் சர்வர் பார்க்கிறவன், அதனால் ஒரு விஷயம். ப்ரோட்டானிலிருந்து ப்ரோட்டானுக்குப் போகும் மெயிலின் உள்ளடக்கம் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷனில் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டு) போகிறது, சரி. ஆனால் உங்களுக்கு மெயில் அனுப்புவது யார்? வங்கி, ரயில்வே, ஆன்லைன் கடை, பள்ளிக்கூடம். அதெல்லாம் சாதாரண மெயிலாக ப்ரோட்டான் வாசல் வரை வந்து, அதற்கப்புறம்தான் பூட்டப்படுகிறது. அனுப்பியவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. நீங்கள் ஜிமெயில்காரருக்குப் பதில் போட்டால் கூகுளிடமும் ஒரு பிரதி போகிறது. சப்ஜெக்ட் வரி எண்ட் டு எண்ட் முறையில் பூட்டப்படுவதில்லை, யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதும் அப்படித்தான். அவர்கள் உதவிப் பக்கத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியின் டூட்டா மெயில் சேவை சப்ஜெக்ட் வரியையும் பூட்டுகிறது, ஆனால் யார் யாருக்கு என்பது அங்கேயும் திறந்தேதான்.

வங்கி லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே நகை எவ்வளவு என்று மேனேஜருக்குத் தெரியாது. எந்தத் தேதியில் யார் வந்து எத்தனை மணிக்குத் திறந்தார் என்ற ரெஜிஸ்டர் மேஜைமேல் இருக்கிறது. சப்ஜெக்ட்டில் "கீமோதெரபி 2-ஆம் தவணை பில்" என்று இருந்தால் அப்புறம் உள்ளே என்ன இருந்தால் என்ன.

20 செப்டம்பர்

வி.பி.என். பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இது நீளும்.

முதலில் என் சங்கதி. யூடியூபில் ஒரு தம்பி கூப்பன் கோடு சொன்னார் என்று சில வருடத்துக்கான சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முடிந்ததும் கேட்காமல் கொள்ளாமல் கார்டிலிருந்து முழு விலையை எடுத்தார்கள், சலுகை விலை முதல் தடவைக்கு மட்டும்தானாம். பணத்தைத் திரும்ப வாங்க, ரகசியத்தைக் காக்கும் அதே கம்பெனிக்கு என் அடையாளத்தை நிரூபித்து மெயில் மேல் மெயில் போட்டேன்.

இப்போது பொதுவில் இருப்பது. "பதிவே வைப்பதில்லை" என்பதுதான் இந்தத் தொழிலின் தேசிய கீதம். ஐபிவேனிஷ் அப்படித்தான் சொன்னது, 2016-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் பதிவுகளைக் கொடுத்தது, 2018-இல்தான் நீதிமன்றத் தாளிலிருந்து அது வெளியே தெரிந்தது. இப்போது சொந்தக்காரர் மாறிவிட்டார், அது அப்போதைய நிர்வாகம் செய்தது என்கிறார்கள். ப்யூர்வி.பி.என். விஷயம் 2017-இல் எஃப்.பி.ஐ. வழக்கு ஒன்றில் வந்தது. அதில் சிக்கியவன் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்தியவன், அவன் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் இல்லாத பதிவு எங்கிருந்து வந்தது?

மறுபக்கம், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற வி.பி.என். நீதிமன்றத்திலேயே கொடுக்க ஒன்றுமில்லை என்று நிரூபித்தது. 2019-இல் அதை கேப் என்ற கம்பெனி வாங்கியது. அந்தக் கேப்பின் பழைய பெயர் கிராஸ்ரைடர், பிரவுசரில் விளம்பரம் நுழைக்கும் மென்பொருள்களுக்கு மேடையாக இருந்து பெயர் கெட்டது. 2021-இல் எக்ஸ்பிரஸ்வி.பி.என்.னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியதும் இவர்கள்தான். அதே வருடம் வி.பி.என். விமர்சனத் தளங்கள் நடத்தும் ஒரு கம்பெனியையும் வாங்கினார்கள். ஆக "சிறந்த 10 வி.பி.என்." என்று தேடிப் படிக்கிறீர்களே, அதை எழுதியவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று ஒரு தடவை பாருங்கள்.

20 செப்டம்பர், தொடர்ச்சி

நம் ஊர் விஷயம் மறந்துவிட்டேன். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) ஒரு உத்தரவு போட்டது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐ.பி., எதற்காக வாங்கினார் என்பது வரை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் பல இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன, எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு, பின்னால் ப்ரோட்டான். இப்போது செயலியில் "இந்தியா" என்று தேர்ந்தெடுத்தால் இந்திய ஐ.பி. கிடைக்கும், பெட்டி சிங்கப்பூரிலோ லண்டன் பக்கமோ இருக்கும்.

இதை மட்டும் நான் பாராட்டுகிறேன். சந்தை பெரிது, உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டு விளம்பரத்தை அப்படியே ஓட்டியிருக்கலாம். போனார்கள். மேலே கேப்பைத் திட்டினேனே, எக்ஸ்பிரஸ் போனது கேப்பின் கையில் இருக்கும்போதுதான். எதையும் முழுசாகத் திட்ட விட மாட்டேன் என்கிறார்கள்.

21 செப்டம்பர்

"பேசாமல் ஃபோனையே தூக்கிப் போட்டுவிட்டு புறா வளர்க்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புறாவுக்கு எண்ட் டு எண்ட் உண்டு, நடுவில் பருந்து இருக்கிறது.

28 செப்டம்பர்

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பின்தொடர மாட்டோம் என்று சொல்லும் தேடுபொறியான டக்டக்கோவின் தேடல் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டின் பிங்கிலிருந்து வருகிறது, விளம்பரமும் அங்கிருந்துதான். 2022 மே மாதம் ஒரு ஆராய்ச்சியாளர் டக்டக்கோவின் மொபைல் பிரவுசரைத் தோண்டிப் பார்த்தார். கூகுள், ஃபேஸ்புக் டிராக்கர்களை (தளத்துக்குத் தளம் உங்களைப் பின்தொடரும் நிரல்கள்) தடுக்கும் அந்த பிரவுசர், மற்ற தளங்களில் மைக்ரோசாஃப்ட் டிராக்கர்களை மட்டும் விட்டுவிட்டது. தேடல் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை என்று தலைமை நிர்வாகியே ஒப்புக்கொண்டார். சத்தம் பெரிதானதும் ஆகஸ்டில் அதைப் பெருமளவு சரி செய்தார்கள். தேடல் பக்கத்தில் உங்களைப் பின்தொடர்வதில்லை என்ற வாக்கு அப்போதும் உடையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆப்பிள் இன்னும் சுவாரஸ்யம். 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி சமயத்தில், உங்கள் ஐபோனில் நடப்பது ஐபோனிலேயே இருக்கும் என்று கட்டட உயரத்துக்கு போர்டு வைத்தார்கள். அதே வருடம் ஜூலையில், சிரி பதிவு செய்த பேச்சுத் துணுக்குகளை ஒப்பந்த ஊழியர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று செய்தி வந்தது. அது சம்பந்தமான வழக்கை 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். அது போகட்டும். சஃபாரியில் கூகுளே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2022 ஒரு வருடத்தில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசின் ஏகபோக வழக்கில் வெளிவந்த எண் இது. விளம்பரக் கம்பெனிகளிடமிருந்து உங்களைக் காப்பாற்றுகிறேன் என்கிறவர், உலகின் பெரிய விளம்பரக் கம்பெனியை வாசலில் உட்காரவைத்து வாடகை வாங்குகிறார்.

ஃபயர்பாக்ஸின் மோசில்லாவும் அதே கூகுள் பணத்தில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. உங்கள் தரவை விற்கவே மாட்டோம் என்ற பழைய வாக்கை 2025 பிப்ரவரியில் இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். சில ஊர்ச் சட்டங்களில் "விற்பது" என்பதற்கான வரையறை ரொம்ப அகலம் என்று காரணம் சொன்னார்கள். காரணம் ஓரளவு நியாயம்தான். ஆனாலும் நான் ஃபயர்பாக்ஸை விடவில்லை, மற்றதெல்லாம் பெரும்பாலும் குரோமின் குட்டிகள்.

1 அக்டோபர்

நேரடிப் பித்தலாட்டமே கிடையாதா என்று கேட்டால், அவாஸ்ட். இலவச ஆன்டிவைரஸ், நம் ஊரில் கணினி சர்வீஸ் கடைக்காரர்கள் விண்டோஸ் போட்ட கையோடு போட்டுக்கொடுத்த அதே ஆரஞ்சு ஐகான். டிராக்கிங் குக்கிகளைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, நீங்கள் போன தளங்களின் விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 100-க்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது ஆணையம்.

மற்றவர்களை இதோடு ஒரே தராசில் வைக்காதீர்கள்.

4 அக்டோபர்

எதிர்பார்த்த கேள்வி: "அரட்டை?" இந்த வாரம் வீட்டில், ஆபீஸில், அபார்ட்மென்ட் குழுவில், எங்கே பார்த்தாலும் இதுதான். அரட்டை என்பது சோஹோவின் மெசேஜ் செயலி. சோஹோ சென்னையில் வளர்ந்த கம்பெனி, விளம்பர வருமானத்தை நம்பி ஓடவில்லை, அந்த விதத்தில் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவைவிட எனக்கு நிம்மதி. ஆனால் 2025 அக்டோபர் தொடக்கத்தில் அரட்டையில் அழைப்புகளுக்குத்தான் எண்ட் டு எண்ட் இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கொண்டு வருவோம் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். முழுசாக வந்துவிட்டால் நானே நாலு பேருக்குச் சொல்கிறேன். "நம்ம ஊர்க் கம்பெனி, படிக்க மாட்டார்கள்" என்கிறார் ஒருவர். நானும் அதை நம்புகிறேன். ஆனால் சிக்னலை நான் நம்பத் தேவையில்லாமல் இருக்கிறதே, அந்த வசதிதான் வேண்டும்.

12 அக்டோபர்

மேலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். முக்கால்வாசி போலீஸ் கதையாகவே போயிருக்கிறது. இதைப் படிக்கும் நம்மில் எத்தனை பேரை யூரோபோல் தேடப்போகிறது?

என் மாமியாருக்கு மூட்டு வலி. ஒரு ஆன்லைன் மருந்துக்கடையிலிருந்து மாத்திரை வாங்கினார். அவர்கள் அனுப்பிய மெயிலைத் திறந்த அன்றிலிருந்து கால் தைலம், முழங்கால் பட்டை, அறுவை சிகிச்சை என்று எந்தப் பக்கம் திறந்தாலும் அதே விளம்பரம். "இவனுங்களுக்கு யார் சொன்னது?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இன்னது இன்னாரால் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த மெயிலைப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, ஒன்றுக்கு ஒன்று பிக்ஸல் அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம். அதன் முகவரியில் நீளமான ஒரு குறியீடு. மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அவர்கள் சர்வரிலிருந்து வரும், இன்னார் இன்ன நேரத்தில் திறந்தார் என்று அங்கே பதிவாகும்.

இந்தச் சமாசாரத்தை ப்ரோட்டான் தானாகத் தடுக்கிறது. ஆப்பிள் மெயிலிலும் 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. டக்டக்கோவில் தேடியதற்காக எந்த விளம்பரமும் வேறு தளத்துக்குப் பின்னால் வராது. இந்த அளவுக்கு, அன்றாட நச்சரிப்புக்கு, இவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். அதனால் முதல் குறிப்பில் இருந்த காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக்காரர்களிடமிருந்து என்றால் காசு கொடுக்கலாம். அரசாங்கத்திடமிருந்து என்றால் கம்பெனியின் வாக்கை விட்டுவிட்டு, அவர்களிடம் என்ன சேருகிறது என்று பாருங்கள். பத்திரிகையாளர்கள், போராட்டக்காரர்கள் இந்த இரண்டாவது வரியை மட்டும் படித்தால் போதும்.

21 அக்டோபர்

நேற்று தீபாவளி அன்று அமேசானின் கிளவுட் விழுந்ததில் சிக்னலும் சேர்ந்து விழுந்தது. "அப்போ சிக்னல் அமேசான் கையில்தானா?" என்று காலையிலிருந்து கேள்வி. பெட்டி அமேசானுடையது, சாவி உங்கள் போனில். செய்தியைப் படிக்க அவர்களால் முடியாது, ஆனால் சேவையை நிற்க வைக்க அவர்கள் வீட்டுக் கோளாறு ஒன்று போதும். நன்கொடையில் ஓடும் அமைப்பு உலகம் முழுக்க சொந்தமாக சர்வர் வைக்க முடியாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் குறியீடு அனுப்பவே வருடத்துக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆகிறது என்று 2023-இல் கணக்கு காட்டினார்கள்.

22 அக்டோபர்

ப்ரோட்டான் கேட்ட தம்பி, மீட்பு முகவரி போடலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். போடுங்கள். உங்களை ஸ்பெயின் போலீஸ் தேடுவதைவிட நீங்கள் கடவுச்சொல்லை மறக்கும் வாய்ப்பு ரொம்ப அதிகம். இல்லை, அதுவும் வேண்டாம் என்றால் அவர்கள் தரும் மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதி வையுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, ஐகிளவுடுக்குப் போய், கீழே அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள், அது தானாக ஆன் ஆகி வராது. அதுவரை உங்கள் பேக்கப்பின் சாவி ஆப்பிளிடமும் இருக்கிறது. பிரிட்டன் அரசு நெருக்கியதால் 2025 பிப்ரவரியில் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் இதை எடுத்துவிட்டார்கள், நமக்கு இன்னும் இருக்கிறது. ஆன் செய்யும்போது மீட்புக்கு நம்பகமான ஓர் ஆளையோ 28 எழுத்தில் ஒரு மீட்புச் சாவியையோ வைக்கச் சொல்லும். சாவி என்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்காதீர்கள் (எங்கள் ஆபீஸில் ஒருவர் வைத்திருக்கிறார்). தாளில் இரண்டு பிரதி, ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில். கடவுச்சொல்லும் மறந்து இதையும் தொலைத்தால் ஆப்பிள் கடையில் போய் நின்று பயனில்லை, அவர்களால் திறக்க முடியாது. அதுவே அது வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி.